குழவிக் காப்பும் குடும்ப ஓம்பலும்
(இங்கிலாந்துக் குழந்தைக் கொடுமைத் தடுப்புக் கழகத்தின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு)

1. தோற்றுவாய்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்கு இட முற்பட்டபொழுது, கோவூர் கிழார் என்னும் புலவர் இடைநின்று அவர்களைக் காத்த செய்தியைப் புறநானூற்றின் 46-ஆம் பாட்டால் அறிகிறோம். புலவர் அச்சிறுவருக்கு உறவினர் அல்லர். அரசனை ஆணையிட்டுத் தடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. சொல் ஒன்றே அவர்க்குத் துணை. அச்சொல்லை அவர் அமைத்த முறை நம் கருத்தை ஈர்க்கின்றது. புறா ஒன்றின் துன்பத்தைக் களைந்தவனுடைய வழித்தோன்றல் நீ என்று முதற்கண் அரசனுக்கு நினைவூட்டுகிறார். பின்னரே, யானையைக் கண்ட வியப்பால் அழுகையை மறந்து, முன்பின் அறியாத மன்றினை நோக்கி மருண்டு நிற்கும் சிறுவரின் நிலையைக் காட்டுகிறார். கூற வேண்டியதைக் கூறிவிட்டேன், இனி நீ விரும்பியதைச் செய்க என்று முடிக்கிறார். அவர் பாடி அச்சிறுவரை உய்யக் கொண்டார் என்பது பாட்டின் அடிக்குறிப்பால் விளங்கும்.

துன்புறும் குழவி, அதன்பொருட்டுப் பேசும் அயலார், ஆற்றலுடைய அரசு என்னும் மூன்றும் இப்பாட்டில் ஒருங்கே நிற்கின்றன. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மேலை நாடுகளில் தோன்றிய குழந்தைக் காப்பு அறநிலையங்களின் வரலாற்றிலும் இம்மூன்றையே காண்கிறோம். ஆயினும் ஒரு பெருவேறுபாடு உண்டு. மலையமானின் மக்களுக்குத் தீங்கு பகைவனிடமிருந்து வந்தது. நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் முதற்பருவமாகிய காப்புப் பருவமும், குழந்தைக்குத் தீங்கு புறத்திருந்தே வரும் என்னும் கருத்திலேயே தெய்வங்களை விளித்துக் காவல் வேண்டுகின்றது. பெற்றோர் கை காப்புக் கட்டும் கை என்பதில் நம் மரபுக்கு ஐயம் எழவில்லை. அக்கையே அடிக்கும் கையாக மாறினால் குழவிக்குக் காப்பு யார்? அப்பொழுது குழவியை இல்லத்தினின்று பிரித்தல் அறமா, இல்லத்தையே திருத்தித் தாங்குதல் அறமா? இவ்வினாவுக்கு ஒரு நாட்டின் அறநிலையம் நூறாண்டுக்கு மேலாக எவ்வெவ்வாறு விடை தேடியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கிலாந்தின் தேசியக் குழந்தைக் கொடுமைத் தடுப்புக் கழகத்தை நாம் முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். அதற்கு வித்தாக அமைந்த நியூயார்க்கு நிகழ்ச்சியையும், அதன் விளைவு சென்னை மாகாணத்தை வந்தெய்திய வகையையும் உடன் காண்போம்.

2. இல்லத்தின் வாயிலில் நின்ற சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இங்கிலாந்தில் குழந்தைகளின்பால் இரக்கம் சட்டமாக உருப்பெறத் தொடங்கியது. 1833-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 9 வயது நிரம்பாத குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு அமர்த்துவதைப் பெரும்பாலும் தடுத்தது. 1842-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 10 வயதுக்குட்பட்ட சிறுவரும் பெண்டிரும் நிலத்தடிச் சுரங்கங்களில் உழைப்பதை விலக்கியது. இவ்விரு முயற்சிகளிலும் முன்னின்றவர் பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு எனப் பெயர் பெற்ற பெருமகனார்.

விலங்குகளின்பால் இரக்கமோ இவற்றிற்கும் முற்பட்டது. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய சட்டம் 1822-இல் நிறைவேறியது. விலங்குக் கொடுமைத் தடுப்புக் கழகம் 1824-இல் இலண்டனில் நிறுவப்பெற்றது. ஆலையில் உழைக்கும் குழந்தைக்கும், தெருவில் வண்டி இழுக்கும் குதிரைக்கும் சட்டம் துணைநின்ற காலத்தில், வீட்டினுள் வருந்தும் குழந்தைக்குத் தனிச்சட்டம் ஏதும் இல்லை. கொலையும் பெருங்காயமும் பொதுக் குற்றச் சட்டத்தால் தண்டிக்கத்தக்கனவே. ஆனால் அவை நிகழ்ந்து முடிந்த பின்னரே சட்டம் வரும். நிகழாமற் காக்கும் வழி இல்லை. கணவனுக்கு எதிராக மனைவி சான்று கூறுவதற்கும் தடை இருந்தது. வீட்டினுள் நிகழ்ந்ததை அறிந்தவர் அவ்விருவரே என்றால் வழக்கு எங்ஙனம் நிலைபெறும்?

தடையாக நின்றது சட்டக் குறைபாடு மட்டுமன்று. இல்லம் தந்தையின் ஆட்சிக்குரியது, அதனுள் அரசு புகுதல் தகாது என்னும் கொள்கை ஆழ வேரூன்றியிருந்தது. 1881-இல் ஸ்டெய்ட் என்னும் சமய குரவர் பெற்றோர் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று முறையிட்டபொழுது, ஷாஃப்ட்ஸ்பரி பெருமகனாரே தயங்கினார். அத்தீமைகள் பெரியனவே, எனினும் அவை வீட்டினுள் மறைந்து நிகழ்வன ஆதலின் சட்டத்தின் கைக்கு எட்டா என்பது அவர் எழுதிய விடையின் கருத்து. ஆலையின் கதவையும் சுரங்கத்தின் வாயிலையும் திறப்பித்தவர் இல்லத்தின் வாயிலில் நின்றுவிட்டார். ஒரு தனிமனிதரின் அச்சமாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது; அக்காலத்துச் சான்றோர் அனைவரின் எல்லையையும் இது காட்டுகின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

3. நியூயார்க்கு வழக்கும் அதுபற்றிய கதையும்

அவ்வெல்லையைத் தாண்டிய முதல் அடி அமெரிக்காவில் வைக்கப்பட்டது. நியூயார்க்கு நகரின் ஏழை மக்கள் வாழ்பகுதியில் சமயத் தொண்டு புரிந்துவந்த எட்டா வீலர் என்னும் அம்மையார், மேரி எல்லன் என்னும் சிறுமி வளர்ப்பு இல்லத்தில் அடியுண்டு அடைபட்டு வாழ்வதை அயலார் வாயிலாக அறிந்தார். நகர அதிகாரிகளை அணுகியும் பயன் விளையவில்லை. இறுதியில், 1866-இல் அமெரிக்க விலங்குக் கொடுமைத் தடுப்புக் கழகத்தை நிறுவியவராகிய ஹென்றி பெர்க்கிடம் முறையிட்டார். 1874 ஏப்பிரல் மாதத்தில் சிறுமி நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்டாள். வளர்த்தவள் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றாள்.

இவ்வழக்கைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. குழந்தையைக் காக்கச் சட்டம் இல்லாமையால், அவளும் ஒரு விலங்கே என்று வாதிட்டு, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவளை மீட்டனர் என்பது அக்கதை. கேட்போர் உள்ளத்தை உருக்குவதாயினும் இது வரலாற்றொடு பொருந்துவதன்று. பெர்க் தாம் விலங்குக் கழகத்தின் தலைவர் என்ற முறையில் வரவில்லை என்றும், மனிதநேயமுடைய குடிமகன் என்ற முறையிலேயே வந்ததாகவும் நீதிமன்றத்தில் தெளிவுறக் கூறினார். அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையாண்டது, முறையின்றி அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின்முன் கொணரப் பயன்படும் ஆட்கொணர்வுச் சட்டத்தின் ஒரு பிரிவாகும். எனவே, சட்டம் முற்றிலும் இல்லாதிருந்தது என்பதைக் காட்டிலும், இருந்த சட்டத்தைக் குழந்தையின்பொருட்டு எடுத்தாளுவோர் இல்லாதிருந்தனர் என்பதே உண்மை. அறநிலையம் தோன்றவேண்டிய தேவையும் இதனாலேயே விளங்கும். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய முயற்சியால் 1875-இல் நியூயார்க்குக் குழந்தைக் கொடுமைத் தடுப்புக் கழகம் சட்டப்படி அமைந்தது.

கதை பொய்யாயினும் அதன் உள்ளீடு முற்றும் பொய்யன்று. விலங்குகளின்பொருட்டுப் பழகிய இரக்கமும், அதற்கென அமைந்த கழகத்தின் பட்டறிவும் குழந்தைக்குப் பயன்பட்டன. புறாவைக் காத்தவன் மரபு என்று தொடங்கிச் சிறுவரைக் காட்டிய கோவூர் கிழாரின் சொன்முறையை இங்கே ஒப்புநோக்கலாம்.

4. இலிவர்ப்பூலில் தொடங்கி இலண்டன் வரை

1881-இல் நியூயார்க்கு சென்ற இலிவர்ப்பூல் நகர வங்கியாளர் தாமஸ் ஆக்னியூ அங்கிருந்த கழகத்தின் பணியைக் கண்டு திரும்பினார். பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ஸ்மித் அவருக்குத் துணைநின்றார். நாய்களுக்கு ஓர் இல்லம் அமைக்கப் பொருள் வேண்டிக் கூடிய கூட்டத்தில், குழந்தைகளுக்கும் காப்பு வேண்டும் என்னும் வேண்டுகோள் எழுந்தது. அதன் பயனாக 1883-இல் இலிவர்ப்பூல் குழந்தைக் கொடுமைத் தடுப்புக் கழகம் பிறந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் இலண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையில் கூடிய அவையில் இலண்டன் கழகம் நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவர் ஷாஃப்ட்ஸ்பரி பெருமகனார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. மூன்றாண்டுக்கு முன்னர்ச் சட்டத்திற்கு எட்டாது என்று தாம் கருதிய இல்லத்தின் வாயிலுக்குத் தம் எண்பத்து மூன்றாம் வயதில் அவரே வந்து நின்றார்.

கழகத்தின் உயிராக விளங்கியவர் பெஞ்சமின் வாஹ் என்னும் சமய குரவர். கிரீனிச்சு நகரின் சேரிகளில் தொண்டு புரிந்தவர். இலண்டன் பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர். சிறுவரைச் சிறையிடும் வழக்கத்தைக் கண்டித்து 1873-இல் ஒரு நூலும் எழுதியவர். அவர்தம் கொள்கை அக்காலத்துப் பிற அறவோர் கொள்கையினின்று வேறுபட்டது. பர்னார்டோ முதலியோர் ஆதரவற்ற குழந்தைகளைத் தம் இல்லங்களில் ஏற்று வளர்த்தனர். வாஹ், பெற்றோரின் கடமையைக் கழகம் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ளலாகாது என்றும், அக்கடமையை அவர்களே செய்யுமாறு செய்தலே கழகத்தின் பணி என்றும் கொண்டார். குழந்தைக்குரிய இடம் இல்லமே. அவ்வில்லம் குழந்தைக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து. பிற்கால வளர்ச்சிகள் அனைத்திற்கும் வித்து இக்கொள்கையிலேயே அடங்கியுள்ளது என்பது நம் துணிபு.

5. 1889-ஆம் ஆண்டுச் சட்டம்

கழகம் ஐந்தாண்டு உழைத்து ஈட்டிய முதற்பெரும்பயன் 1889-இல் நிறைவேறிய குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டமாகும். முண்டெல்லா என்னும் உறுப்பினர் இதனைப் பாராளுமன்றத்தில் கொணர்ந்தார். மக்கள் இதனைக் குழந்தைகளின் உரிமைப் பட்டயம் எனப் போற்றினர்.

இச்சட்டத்தின் கூறுகளுள் நான்கினை இங்கே கருதலாம். ஒன்று: 14 வயதுக்குட்பட்ட சிறுவனையும் 16 வயதுக்குட்பட்ட சிறுமியையும் தம் பொறுப்பில் வைத்திருப்போர், வேண்டுமென்றே துன்புறுத்துதலும் புறக்கணித்தலும் கைவிடுதலும் குற்றமாயின. இரண்டு: குழந்தை துன்புறுகின்றது என்று நம்பத்தக்க காரணம் இருப்பின், நீதிபதியின் ஆணைபெற்று வீட்டினுள் புகலாம் என்றாயிற்று. மூன்று: தண்டனை பெற்ற பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரித்து, உறவினரிடமோ தகுதியுடைய பிறரிடமோ ஒப்படைக்கும் ஆற்றல் நீதிமன்றத்திற்குக் கிடைத்தது. நான்கு: கணவன் மனைவியருள் ஒருவருக்கு எதிராக மற்றவர் சான்று கூறலாம் என்றாயிற்று. இந்நான்கும் சேர்ந்து இல்லத்தின் வாயிலைத் திறந்தன.

அவ்வாண்டே இலண்டன் கழகம் பிற நகர்க் கிளைகளை இணைத்துத் தேசியக் கழகம் என்னும் பெயர் பெற்றது. விக்டோரியா அரசியார் அதன் புரவலரானார். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் மனத்தைச் சிதைக்கும் கொடுமையையும் கணக்கிற் கொண்டது. 1895-இல் அரசப் பட்டயம் கிடைத்தது. 1904-இல் நிறைவேறிய சட்டம், நீதிபதியின் இசைவோடு குழந்தையைக் கொடுமை நிகழும் வீட்டினின்று அகற்றும் உரிமையைக் கழகத்தின் கண்காணிப்பாளருக்கு வழங்கியது. 1908-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இவையனைத்தையும் ஒருங்கு தொகுத்தது. குடும்பத்தினுள் நிகழும் முறையற்ற பாலுறவைக் குற்றமாக்கிய தனிச்சட்டமும் அவ்வாண்டே தோன்றியது. அதுவரை அக்கொடுமை சமய மன்றங்களின் எல்லையிலேயே கிடந்தது.

மக்கள் தந்த கொடையால் நடைபெறும் ஒரு கழகம் சட்டத்தை ஆக்குவித்து, அச்சட்டத்தைச் செயற்படுத்தும் உரிமையையும் தானே பெற்றது. அறநிலைய வரலாற்றில் இஃது அரிய நிகழ்ச்சியாகும்.

6. கண்காணிப்பாளரின் நாட்பணி

சட்டம் ஏட்டில் இருந்தது. அதனைத் தெருவுக்குக் கொண்டு சென்றவர் கழகத்தின் கண்காணிப்பாளர். சீருடை அணிந்து வந்த அவரை ஏழை மக்கள் ‘கொடுமை மனிதர்’ என்று அழைத்தனர். கொடுமையைத் தேடி வருபவர் என்பது இப்பெயரின் பொருள். ஆயினும் அச்சமும் வெறுப்பும் அதில் கலந்திருந்தன. அதே மக்களே அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகையைக் கேட்டு அவரிடம் ஓடிச் சொல்லவும் செய்தனர். கழகத்திற்கு வந்த முறையீடுகளுட் பல அயலார் வாயிலாக வந்தவை என்பதை மறத்தலாகாது.

கண்காணிப்பாளரின் பணி நீதிமன்றத்தையே நோக்கியதன்று. அவர் கையாண்ட முறையீடுகளுள் மிகச் சிறுபகுதியே வழக்காக உருவெடுத்தது. பெரும்பகுதி எச்சரிக்கையோடும் தொடர்ந்த மேற்பார்வையோடும் அமைந்தது. அடித்துத் துன்புறுத்திய நிகழ்ச்சிகளைக் காட்டிலும் உணவும் உடையும் தூய்மையும் இன்றிக் குழந்தையைப் புறக்கணித்த நிகழ்ச்சிகளே மிகுதி. ஆதலின் அவர் பன்முறை சென்று பார்த்தார். குடியால் வருவாயை அழிக்கும் தந்தையை அச்சுறுத்தினார். படுக்கையும் துணியும் கிடைக்கப் பிற அறநிலையங்களை நாடினார். தண்டிக்க வந்தவர் தம்மை அறியாமலே குடும்பத்தைத் தாங்குபவராகவும் மாறினார்.

இப்பணியில் குறையும் இருந்தது. வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பது எளிதன்று. உணவு இல்லாமையால் கொடாத தாயும், இருந்தும் கொடாத தாயும் சட்டத்தின்முன் வெவ்வேறு; குழந்தையின் வயிற்றுக்கோ ஒன்றே. கொடுமை செல்வர் வீட்டிலும் உண்டு என்று வாஹ் வலியுறுத்தியபோதிலும், கண்காணிப்பாளர் தட்டிய கதவுகள் பெரும்பாலும் ஏழைகளின் கதவுகளாகவே இருந்தன. வீட்டினுள் நிகழ்ந்த பாலியற் கொடுமை பற்றிய பேச்சு நெடுங்காலம் அடக்கியே வைக்கப்பட்டது. இக்குறைகளைச் சுட்டுதல் அத்தொண்டரின் உழைப்பைக் குறைத்தலாகாது. அவ்வுழைப்பின் எல்லையை அளத்தலேயாகும்.

அமெரிக்காவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. நியூயார்க்குக் கழகம் குழந்தைகளைப் பிரித்து விடுதிகளில் சேர்ப்பதையே பெரிதும் மேற்கொண்டது. 1878-இல் தோன்றிய மாசசூசெட்ஸ் கழகமோ, 1907 முதல் கார்ல் கார்ஸ்டென்ஸ் என்பாரின் தலைமையில், குடும்பம் சீரழியுமுன்னரே உதவுதல் வேண்டும் என்னும் கொள்கைக்குத் திரும்பியது.

7. பிரித்தலால் விளைந்த பிழை

குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிட்டால் அதன் துன்பம் தீரும் என்று கருதியவர்களும் இருந்தனர். அக்கருத்து எங்குக் கொண்டுபோய்விட்டது என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறே சான்று. 1869 தொடங்கி, பல அறநிலையங்கள் ஏழைக் குழந்தைகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் இவ்வாறு கனடா சென்றோர் ஏறத்தாழ 1,00,000 பேர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் பல்லாயிரவர் அனுப்பப்பட்டனர். அவருட் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். புதிய நாட்டில் அன்புடன் வளர்க்கப்பட்டோரும் உண்டு. கொத்தடிமைபோல் பண்ணைகளில் உழைத்துக் கொடுமைக்கு ஆளானோரும் உண்டு. காக்கப் புறப்பட்ட அறமே கொடுமைக்கு வாயிலாயிற்று. இதன்பொருட்டு ஆஸ்திரேலிய அரசு 2009-இலும் இங்கிலாந்து அரசு 2010-இலும் வெளிப்படையாக மன்னிப்புக் கோரின.

பெற்றோரின் இசைவின்றிக் குழந்தைகளைத் தம் இல்லங்களுக்குக் கொண்டுசென்ற பர்னார்டோ, அதனை அறநோக்குடைய கவர்தல் என்று தாமே ஒப்புக்கொண்டவர். அவர்மேல் எழுந்த வழக்குகளை ஒட்டியே 1891-இல் குழந்தைகளின் பொறுப்புரிமை பற்றிய சட்டம் பிறந்தது.

1945 ஜனவரியில், தன் குடும்பத்தினின்று பிரிக்கப்பெற்று உள்ளாட்சி மன்றத்தால் சிராப்சயர்ப் பகுதிப் பண்ணை ஒன்றில் வளர்க்க விடப்பட்ட 12 வயதுச் சிறுவன், பசியாலும் அடியாலும் இறந்தான். போர் முடிவுறாத அக்காலத்திலும் நாடு இச்செய்தியால் அதிர்ந்தது. இல்லத்தினின்று மீட்கப்பட்ட குழந்தையை மீட்டவரே மறந்தனர். முன்னரே, 1944-இல், ஆலன் சீமாட்டியார் விடுதிக் குழந்தைகளின் நிலைபற்றி டைம்ஸ் இதழில் எழுதிய மடல் பொதுமக்களின் மனத்தைக் கிளறியிருந்தது. மைரா கர்ட்டிஸ் அம்மையார் தலைமையில் அமைந்த குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 1948-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் எழுந்தது. இச்சட்டத்தால் உள்ளாட்சி மன்றந்தோறும் குழந்தைகளுக்கென ஓர் அலுவலர் அமர்த்தப்பெற்றார். நன்மைக்கு மாறுபடாதவிடத்துக் குழந்தையைப் பெற்றோர்பால் மீளச் சேர்க்க முயல்வதும் மன்றத்தின் கடமையாயிற்று.

8. தாங்குதலும் அதன் எல்லையும்

இக்காலத்தே குடும்பத்தைத் தாங்கும் தொண்டு தனி நெறியாக வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்பொழுது, படைக்குச் செல்ல மனச்சான்று இடந்தராத இளைஞர் சிலர் இலிவர்ப்பூல், மான்செஸ்டர், இலண்டன் நகரங்களில் குண்டுவீச்சால் நிலைகுலைந்த குடும்பங்களுக்குத் தொண்டாற்றினர். அவர்கள் அறிவுரை கூறுவதோடு அமையவில்லை. தரையைக் கழுவினர், சுவருக்கு வெள்ளையடித்தனர், கடன்காரரிடம் உடன்சென்று பேசினர். அத்தொண்டிலிருந்து 1948-இல் குடும்பப் பணிக்குழுக்கள் என்னும் அறநிலையம் தோன்றியது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை பிரிக்கப்பட வேண்டிய நிலை எழாதவாறு குடும்பத்திற்கு அறிவுரையும் உதவியும், தேவையாயின் பணமும் வழங்க உள்ளாட்சி மன்றங்களுக்கு இடமளித்தது. இங்ஙனம் அறநிலையத்தின் பட்டறிவு சட்டமாயிற்று.

ஆயினும் தாங்குதலே அனைத்தையும் தீர்க்கும் என்று கருதுதலும் பிழையே. 1962-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவர் உடனாய்வாளரும் வெளியிட்ட கட்டுரை, மிக இளங்குழந்தைகளின் எலும்பு முறிவுகளுட் பல பெற்றோரின் அடியால் நேர்ந்தவை என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது. வளம் பெருகிய நாட்டிலும், கற்றவர் இல்லத்திலும் கொடுமை மறையவில்லை என்பது வெளிப்பட்டது. இங்கிலாந்துக் கழகம் 1968-இல் இதற்கெனத் தனி ஆய்வுப் பிரிவு ஒன்றை அமைத்தது.

1973-இல் மற்றொரு குழந்தையின் சாவு நாட்டை உலுக்கியது. பிரைட்டன் நகரில், உறவினரிடம் பல்லாண்டு நன்கு வளர்ந்த ஏழு வயதுச் சிறுமி, தாயிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னர் மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். அயலார் மீண்டும் மீண்டும் முறையிட்டனர். ஆசிரியர் அறிந்திருந்தார். உள்ளாட்சி அலுவலரும் கழகத்தின் அலுவலரும் அவ்வீட்டிற்குச் சென்று வந்தனர். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியவில்லை. 1974-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இவ்வுண்மையை விரிவாகக் காட்டியது.

1945-ஆம் ஆண்டுச் சாவையும் 1973-ஆம் ஆண்டுச் சாவையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முன்னவன் இல்லத்தினின்று பிரிக்கப்பட்டு இறந்தான். பின்னவள் இல்லத்தில் மீளச் சேர்க்கப்பட்டு இறந்தாள். ஒன்றைக் கண்டு பிரித்தல் தீது என்றும், மற்றொன்றைக் கண்டு சேர்த்தல் தீது என்றும் முடிவு கட்டினால், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும். இரண்டிற்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. முடிவு செய்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணிக் குழந்தையின் முகத்தை மீண்டும் நோக்காமையே அது.

9. குழவியின் குரல்

இதுகாறும் கண்ட வரலாற்றில் குழந்தைக்காகப் பிறர் பேசினர், குழந்தை பேசவில்லை. 1986-இல் எஸ்தர் ராண்ட்ஸன் அம்மையார் முயற்சியால் இங்கிலாந்தில் தொடங்கிய ‘சைல்டுலைன்’ என்னும் தொலைபேசித் தொண்டு, துன்புறும் குழந்தை தானே பேசுதற்கு வழிவகுத்தது. 2006-இல் இத்தொண்டு தேசியக் கழகத்தோடு இணைந்தது.

1889-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1989-இல் இரு ஆவணங்கள் தோன்றின. இங்கிலாந்தின் குழந்தைகள் சட்டம் ஒன்று. நீதிமன்றம் குழந்தையின் நலனையே தலைமையாகக் கொள்ளல் வேண்டும் என்றும், தேவையுடைய குழந்தைகளின் குடும்பங்களுக்கு உள்ளாட்சி மன்றம் துணைபுரிதல் வேண்டும் என்றும் அது விதித்தது. குழந்தையின் காப்புக்காக நீதிமன்றத்தை அணுகும் தனியுரிமையை அறநிலையங்களுள் தேசியக் கழகத்திற்கு மட்டுமே அது நிலைநிறுத்தியது. மற்றொன்று, ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை. அதன் 19-ஆம் உறுப்பு, குழந்தையைக் கொடுமையினின்று காக்கவேண்டும் என்று கூறுவதோடு, குழந்தைக்கும் அதனைப் பேணுவோர்க்கும் ஒருங்கே துணைபுரியும் ஏற்பாடுகள் வேண்டும் என்றும் கூறுகின்றது. காப்பும் ஓம்பலும் ஓரிடத்தில் இணைந்தமை காண்க. இந்தியா இவ்வுடன்படிக்கையை 1992-இல் ஏற்றது.

10. சென்னை மாகாணத்தில்

1908-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி, இந்திய மாகாணங்களுள் முதன்முதலில் குழந்தைகள் சட்டம் இயற்றியது சென்னை. அஃது 1920-இல் நிறைவேறியது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் அதனைப் பின்பற்றின. குற்றம் புரிந்த சிறுவரைப் பெரியோரோடு சிறையில் அடைக்காமல் தனியே நடத்துவது இச்சட்டங்களின் முதன்மை நோக்கமாக இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னையில் ஆதரவற்ற சிறுமியர்க்கும் பெண்டிர்க்கும் அவ்வை இல்லத்தை நிறுவினார். சட்டம் ஒருபுறமும் அறநிலையம் மறுபுறமுமாக இங்கும் பணி தொடங்கிற்று.

துன்புறும் குழந்தைகளுக்கென 1098 என்னும் எண்கொண்ட தொலைபேசித் தொண்டு 1996-இல் மும்பையில் தோன்றிப் பின்னர் நாடெங்கும் பரவியது. பாலியற் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பெற்றது. இக்குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என்றும், தெரிவியாமை தண்டனைக்குரியது என்றும் அச்சட்டம் கூறுகின்றது. கோவூர் கிழார் தம் அருளால் செய்ததை, இன்று சட்டம் ஒவ்வொருவர்க்கும் கடமையாக்கியுள்ளது.

11. முடிபு

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிபுகள் மூன்று.

முதலாவது, குழந்தைக் காப்பில் சட்டம் எஞ்ஞான்றும் பின்வந்தது. முன்வந்தது அயலாரின் சொல். எட்டா வீலர் பேசியிராவிடின் நியூயார்க்குக் கழகம் இல்லை. அக்கழகம் இல்லையேல் இலிவர்ப்பூல் கழகம் இல்லை.

இரண்டாவது, குழவிக் காப்பும் குடும்ப ஓம்பலும் இருவேறு அறங்கள் அல்ல. காப்பை மட்டும் கருதியவர்கள் குழந்தைகளைக் கடல்கடந்து இழக்கச் செய்தனர். ஓம்பலை மட்டும் கருதியவர்கள் கொடியவன் வீட்டில் குழந்தையை விட்டுவந்தனர். வாஹ் கண்ட நெறி, இல்லத்தைத் திருத்துக, திருந்தாவிடத்துக் குழந்தையை மீட்க என்பது. இவ்விரண்டில் எது எப்பொழுது என்பதைக் குழந்தையை நேரிற் கண்டு தெளிதல் வேண்டும். கொள்கையைக் கொண்டு தெளிதல் இயலாது.

மூன்றாவது, மீட்டதோடும் சேர்த்ததோடும் அறம் முடிவதில்லை. தொடர்ந்து நோக்கும் கண் வேண்டும்.

பிள்ளைத்தமிழில் காப்பு முதற்பருவம் மட்டுமே. அதன்பின் செங்கீரையும் தாலும் சப்பாணியும் வருகின்றன. காப்புப் பெற்ற குழந்தை தலையசைத்து ஆடும், தாலாட்டக் கேட்டு உறங்கும், கைகொட்டி மகிழும். குழந்தைக் காப்பின் பயனும் அதுவே. உயிர் பிழைத்தல் தொடக்கம். பிழைத்த குழவி அச்சமின்றிக் கைகொட்டும் நாள் வருமாயின், அன்றே அக்காப்பு நிறைவெய்தியது என்க.